நாய்க்குட்டியின் முதல் இரவு

ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வு நிலையம் ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அத்தகைய ஊரில், மார்கழியில் நீங்கள் கொண்டுவந்த நாய்க்குட்டி இரவெல்லாம் முனகினால் அடம் என்று அதட்டாதீர்கள். தாயைப் பிரிந்த ஏக்கம் பாதி, குளிர் பாதி.

ஒரு கனசதுரத்தின் பக்கத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். பரப்பு கால் பங்காகும். கனஅளவோ அரைக்கால் பங்காகிவிடும். வெப்பம் வெளியேறுவது பரப்பின் வழியே. எனவே சிறிய உடல் விரைவில் குளிர்கிறது. குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுப்பது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா? மிகவும் குளிர்ந்துபோன குட்டி பாலும் குடிக்காமல் துவண்டுவிடும்.

சிறிய பெட்டியில் வைக்கோல் பரப்பி, சாக்கை விரியுங்கள். இடையில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. சாக்கு நனைந்தால் உடனே மாற்றுங்கள். காற்றைவிட நீர் வெப்பத்தை இருபது மடங்குக்கும் மேல் கடத்தும்!