ஆடிக்கு ஆடி

அம்மாடி, பிள்ளை போன ஓராண்டில் வளர்ந்ததையெல்லாம் நோட்டில் எழுதிவைக்கப் போகிறேன், என்ன எழுதட்டும் பெரியம்மா என்று கேட்டாய். எழுதுவதற்கும் வளர்ப்பதற்கும் சேர்த்தே சொல்கிறேன்.

1. நம் ஊர்க் கணக்கில் எழுது. 2024இல் மேட்டூர் அணையை ஜூலை 28ஆம் தேதிதான் திறந்தார்கள். பதினெட்டாம் பெருக்கு அன்று திருவையாற்றுப் புஷ்ய மண்டபத் துறையில் அவன் உன் இடுப்பில் இருந்தான். காப்பரிசியைக் கையில் வைத்துப் பிசைந்தானே தவிர, வாயில் போடத் தெரியவில்லை. 2025இல் ஜூன் 12ஆம் தேதி மேட்டூரும் 15ஆம் தேதி கல்லணையும் திறந்தாயிற்று. அந்த ஆடிப்பெருக்கில் சப்பரத்தட்டித் தேரைத் தானே இழுத்துக்கொண்டு நமக்கு முன்னால் ஓடினான். தண்ணீர் வந்தபோது எப்படி இருந்தான், சம்பா நடவில் என்ன செய்தான், பொங்கலுக்கு யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான் என்று எழுதிவை. பிறகு எடுத்துப் படிக்கையில் பிள்ளையோடு அந்த ஆண்டும் திரும்பி வரும்.

2. பக்கத்து வீட்டுப் பிள்ளையை அளவுகோலாக வைக்காதே. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்பட பல நாட்டுக் குழந்தைகளைக் கவனித்துப் பார்த்தது. தனியாக நடக்கத் தொடங்கியது சிலர் எட்டு மாதத்தில், சிலர் ஏறக்குறைய பதினெட்டு மாதத்தில். நூற்றுக்கு நான்கு பிள்ளைகள் தவழவே இல்லை. நம் தெருவிலும் ஒரு பிள்ளை உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து, ஒருநாள் எழுந்து நடந்துவிட்டது. அதற்குள் அதன் தாய் எத்தனை பேர் பேச்சைக் கேட்டு அழுதாள்! வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவது போலத்தான் வளர்ச்சியும். கால் பழகும் நாளில் பேச்சு காத்திருக்கும், பேச்சு பெருகும் நாளில் மற்றது நிற்கும். ஆனால் பதினெட்டு மாதம் தாண்டியும் ஒரு பிள்ளை நடக்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டத் தயங்கக் கூடாது. பொறுமை வேறு, அசட்டை வேறு.

3. சோற்றுத் தட்டோடு துரத்தாதே. முதல் ஆண்டில் பிறந்த எடையைப்போல் மும்மடங்கு ஆனவன், இரண்டாம் ஆண்டில் இரண்டு, இரண்டரை கிலோதான் கூடுவான். பசி குறைவது இயல்பு. போனைக் காட்டி ஊட்டாதே; இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம். பதினாறு மாதத்துக்கு மேல் போடவேண்டிய தட்டம்மை – ரூபெல்லா இரண்டாம் தவணையும் முத்தடுப்பு ஊக்கத் தவணையும் தடுப்பூசி அட்டையில் பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடு.

4. அவன் 'மாட்டேன்' சொல்லக் கற்றுக்கொண்டான் என்று வருந்தாதே. அம்மா வேறு, தான் வேறு என்று அவனுக்குப் புரிகிறது. எந்தச் சட்டை என்பதில் விட்டுக்கொடு. ரோட்டில் கையைப் பிடிப்பதில் விடாதே. உன் அம்மாயி, பிள்ளைகள் கத்தக் கத்தத் தன் குரலைத் தாழ்த்திக்கொண்டே போவாள். என்ன சொல்கிறாள் என்று கேட்பதற்காகவே நாங்கள் வாயை மூடுவோம்.

5. இதுதான் எல்லாவற்றிலும் பெரிது, நின்று கேள். நடக்கக் கற்ற பிள்ளை தண்ணீரை நோக்கித்தான் நடக்கும். கோடையில் காய்ந்து கிடந்த வாய்க்காலில் மணலை அள்ளி விளையாடியவனுக்கு, ஜூனுக்குப் பிறகு அதே இடத்தில் ஆளை இழுக்கும் தண்ணீர் ஓடும் என்று எப்படித் தெரியும்? அணை திறந்த செய்தி காதில் விழுந்த அன்றே கொல்லைக் கதவுக்கு மேல்தாழ் இருக்கிறதா என்று பார். உலகெங்கும் நீரில் மூழ்கி இறக்கும் விகிதம் ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளிடமே அதிகம். இந்த வயதில் தலை கனம். பக்கெட்டில் கவிழ்ந்தால் தானாக எழ முடியாது. சத்தமும் வராது. குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்துவை, கிணற்றுக்கு மூடி போடு.

ஒரு கல்யாண வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கூடம் நிறைய ஆட்கள். பிள்ளை பாட்டியிடம் இருக்கிறது என்று தாய் நினைத்தாள், அத்தையிடம் இருக்கிறது என்று பாட்டி நினைத்தாள். வாழையிலை நறுக்கக் கொல்லைக்குப் போனவர் அதைக் குளத்தங்கரைப் படியில் கண்டு தூக்கிவந்தார். எல்லாரும் பார்க்கிற பிள்ளையை யாரும் பார்ப்பதில்லை. அதனால் கைமாற்றும்போது வாய்விட்டுச் சொல்: "அத்தை, இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்." அவர்கள் 'சரி' என்று சொன்ன பிறகு நகரு. மாமியாரிடம் இப்படிக் கேட்பதா என்று கூச்சப்படாதே.

6. பேசிக்கொண்டே இரு. கொக்கு, மடையான், நாற்று, வரப்பு என்று கண்ணில் படுவதையெல்லாம் பெயர் சொல்லிக் காட்டு. இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்ப்பான். 'தண்ணி வா' என்றால் நீ சிரித்துத் திருத்தாமல், 'ஆமாம், வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது' என்று முழுதாகச் சொல். திருத்தம் தன்னால் நடக்கும்.

7. எல்லாவற்றையும் நீயே சுமக்காதே. மாப்பிள்ளை குளிப்பாட்டட்டும், சரியாக வராவிட்டாலும் நீ பிடுங்கிச் செய்யாதே. ஊர் கை கொடுத்தாலும் ஏற்றுக்கொள். வங்கதேசக் கிராமங்களில் தாய்மார் வேலையில் மூழ்கியிருக்கும் காலை நேரத்தில்தான் பெரும்பாலும் பிள்ளைகள் குளத்தில் விழுந்தார்கள். அந்த நேரத்துக்கு ஊரிலேயே காப்பகம் வைத்தபின் சாவு வெகுவாகக் குறைந்தது. நம்மிடம் அங்கன்வாடி இருக்கிறது, இரண்டு வயது முடிந்தால் சேர்த்துக்கொள்வார்கள். அடுத்த வாரமே போய்ப் பேசு. முதலில் சில நாள் அவனும் அழுவான், நீயும் அழுவாய். அவன் எந்தச் சொல்லால் எதைக் கேட்கிறான், எதற்குப் பயப்படுகிறான் என்று அங்கன்வாடி டீச்சரிடம் விவரமாகச் சொல்லிவிட்டு வா.