மானாவாரிக் கோதுமை: மூடாக்கும் உரமும்

இந்தியாவில் கோதுமை பயிராகும் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இன்று பாசன வசதி பெற்றுள்ளது. 1960-களின் நடுப்பகுதியில் பாதிப் பரப்புக்குக்கூட இவ்வசதி இருக்கவில்லை. எனினும் மால்வா மேட்டு நிலத்திலும் புந்தேல்கண்டிலும் மகாராஷ்டிரத்தின் கரிசல் பகுதிகளிலும் மழையை மட்டும் நம்பிக் கோதுமை விதைக்கும் விவசாயிகள் இன்றும் உள்ளனர். இவர்களில் பலர் சிறு நிலமுடையோர். கடன் பெற்று வாங்கிய உரம் பலன் தராவிடில் அடுத்த பருவத்தின் விதைக்கே வழியிருக்காது. ஆகவே இப்பகுதிகளுக்கான பரிந்துரை எதுவும் ஈரம், உரம், செலவு ஆகிய மூன்றையும் ஒருங்கே கருத்தில் கொள்ள வேண்டும்.

மண்ணே நீர்த்தேக்கம்

இப்பகுதிகளில் மழையின் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்து விடுகிறது. கோதுமையோ அக்டோபர் இறுதியிலும் நவம்பர் தொடக்கத்திலும் விதைக்கப்படுகிறது. மழை பெய்யும் காலத்தில் பயிர் இல்லை. பயிர் வளரும் காலத்தில் மழை இல்லை. மண்ணில் தங்கிய ஈரமே பயிரைக் கதிர் முற்றும் வரை காக்க வேண்டும். குளிர்காலத்தில் வட இந்தியாவில் ‘மகாவட்’ எனப்படும் சிறு மழை பெய்வதுண்டு. ஆனால் அது நிச்சயமானதன்று.

இவ்வுண்மையை உழவர்கள் நெடுங்காலமாக அறிந்துள்ளனர். மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூர், நரசிங்கபூர் பகுதிகளில் ‘ஹவேலி’ என்னும் முறை வழக்கில் இருந்து வந்தது. வயலைச் சுற்றி வரப்பு உயர்த்தி மழைநீரைப் பருவம் முழுவதும் தேக்குவர். விதைப்புக்குச் சற்று முன் நீரை வடித்துவிட்டு, நனைந்த கரிசலில் கோதுமையையோ கொண்டைக்கடலையையோ விதைப்பர்.

ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் ஈரம் என்பது 10,000 லிட்டர் நீராகும். மழை ஓய்ந்த பின் வெயிலும் காற்றும் இந்நீரை மேல்மண்ணிலிருந்து விரைவாகக் கவர்ந்து விடுகின்றன. கரிசல் மண் காயும்போது வெடிப்பு விடுவதால் ஆழத்து ஈரமும் வெளியேறுகிறது.

மூடாக்கின் பணி

மண்ணின் மேற்பரப்பை வைக்கோல், சருகு, தட்டை முதலியவற்றால் மூடுவதே மூடாக்கு. வெயில் மண்ணில் நேரே படுவதை இது தடுக்கிறது. காற்றின் வேகத்தைத் தணிக்கிறது. களைகளையும் ஓரளவு அடக்குகிறது. மேல்மண் ஈரமாக இருக்கும்போதே பரப்பினால்தான் முழுப் பயன் உண்டு. மண் காய்ந்த பின் இடும் மூடாக்கினால் சேமிப்பு குறைவு.

உழவர் கைக்கு எட்டிய மற்றொரு வழி புழுதி மூடாக்கு. மழை ஓய்ந்ததும் மேலாக உழுது பரம்படிப்பதாலும், பயிர் வரிசைகளுக்கிடையே கொத்திவிடுவதாலும் மெல்லிய புழுதிப் படலம் உண்டாகிறது. இது வெடிப்புகளை மூடி, ஈரம் மேலேறும் வழியைத் துண்டிக்கிறது. இதற்கு ஆகும் செலவு உழைப்பு மட்டுமே.

உரம் இடும் முறை

ஈரத்தைச் சேமித்தால் மட்டும் போதாது. சத்துக் குறைந்த மண்ணில் வேர் ஆழமாக இறங்குவதில்லை. கீழே நீர் இருந்தும் பயிர் அதனை எட்டாது. மறுபுறம், ஈரம் குறைந்த நிலத்தில் உரத்தை அளவுக்கு மீறி இட்டால் பயிர் தொடக்கத்தில் செழித்து, இருந்த நீரையெல்லாம் முன்னதாகவே செலவிட்டுவிடும். கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் நீரின்றி மணி சுருங்கும். மூடாக்கும் அளவான உரமும் இணைந்தே பலன் தருவதற்குக் காரணம் இதுவே.

மானாவாரிக் கோதுமைக்கு ஹெக்டேருக்கு 40 கிலோ தழைச்சத்தும் 20 கிலோ மணிச்சத்தும் இடுவது மிதமான அளவாகும். சுமார் 43 கிலோ டை அம்மோனியம் பாஸ்பேட்டும் 70 கிலோ யூரியாவும் இதற்குப் போதும். மேலே தூவிய உரம் காய்ந்த மண்ணிலேயே கிடந்து வீணாகும். யூரியாவின் ஒரு பகுதி ஆவியாகவும் போய்விடும். எனவே முழு அளவையும் விதைப்பின்போதே விதைக்குக் கீழே, ஈரமுள்ள மண்ணில் இட வேண்டும்.

விதையும் ஈரத்தைத் தொடும் ஆழத்தில் விழ வேண்டும். குட்டை இரகங்களின் முளைக்குருத்து உறை குறுகியது. ஆழமாக விதைத்தால் பல முளைகள் வெளிவருவதில்லை. 1965-இல் வெளியிடப்பட்ட சி 306 என்னும் உயரமான இரகம் மானாவாரி நிலங்களில் நெடுங்காலம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வைக்கோலை இட்டு மண்ணோடு கலந்து உழுதால், அதனை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தற்காலிகமாகப் பிடித்துக் கொள்ளும், பயிர் மஞ்சளிக்கும். மூடாக்கு மேலேயும் உரம் கீழேயும் இருப்பின் இக்குறை பெரிதும் நீங்கும்.

வைக்கோல் யாருக்கு?

நிலத்தை நன்கு மூட ஹெக்டேருக்குச் சுமார் 5 டன், அதாவது சதுர மீட்டருக்கு அரைக் கிலோ வைக்கோல் தேவை. ஒன்றரை டன் தானியம் விளையும் மானாவாரி நிலத்தில் இரண்டு, இரண்டரை டன் வைக்கோலுக்கு மேல் கிடைப்பது அரிது. அதற்கும் மாடுகள் காத்திருக்கின்றன. பஞ்சாப், ஹரியாணாப் பாசன வயல்களில் நெல் தாள் மிகுந்து எரிக்கப்படும் நிலை வேறு. வறண்ட பகுதியின் நிலை வேறு. மாட்டின் தீவனத்தை மண்ணில் பரப்புமாறு கூறும் பரிந்துரையை எந்த உழவரும் ஏற்கமாட்டார்.

ஆகவே விரிவாக்க அலுவலர்கள் முதலில் புழுதி மூடாக்கைப் பரப்புதல் வேண்டும். அடுத்து, விதை பிடிக்காத களைகள், கால்நடை உண்ணாத தட்டை, வரப்பு மரங்களின் தழை ஆகியவற்றை மூடாக்காகப் பயன்படுத்தச் செய்யலாம். விதைப்புக்கு முன் நிலத்தைத் தோண்டி ஈரம் எவ்வளவு ஆழம் உள்ளது எனக் கண்டு, அதற்கேற்ப உர அளவைக் கூட்டவோ குறைக்கவோ கற்பித்தல் வேண்டும். உரக் கடனும் விதைப்புக்கு முன்பே உழவரை அடைய வேண்டும். நவம்பர் கடந்து வரும் உரத்தை இடுவதற்கு மண்ணில் ஈரம் இராது.