எது சேதம், எது அழிவு?

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரை ஊர்களில் அந்த வாரம் திரும்பிய பக்கமெல்லாம் ஒரே பேச்சு: "எல்லாம் போயிட்டுய்யா." நிவாரண மனு எழுதும்போதும் கை அதையேதான் எழுதும். வேதனையில் வரும் வார்த்தை அது, குறை சொல்ல முடியாது. ஆனால் அரசு விதியில் சேதத்தின் வகைக்கும் அளவுக்கும் தனித்தனிக் கட்டங்கள். எந்தக் கட்டத்தில் நம் பெயர் விழுகிறதோ அதைப் பொறுத்தே பணம். இங்கே வரும் தொகைகள், 2022 முதல் 2026 வரைக்கான மாநிலப் பேரிடர் நிவாரண நிதி விதிகளில் உள்ளவை.

நம்பிக்கை: வீடு தரைமட்டமானால்தான் முழுத் தொகை கிடைக்கும்.

உண்மை: முழுவதும் இடிந்த வீட்டுக்குச் சமவெளிப் பகுதியில் 1,20,000 ரூபாய். கடுமையாகச் சேதமடைந்த வீட்டுக்கும் அதே தொகைதான். பகுதிச் சேதம் என்று எழுதிவிட்டால் கதையே வேறு: குறைந்தது 15 சதவீதம் சேதமான காரை வீட்டுக்கு 6,500, மண் வீட்டுக்கு 4,000. குடிசைக்கு விதிப்படி 8,000. அந்த 2023 வெள்ளத்தில் குடிசைக்குத் தமிழக அரசு 10,000 ரூபாய் அறிவித்தது.

'கடுமையான', 'பகுதி' என்ற இரண்டு சொற்களுக்கு நடுவே ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். சுவர் நிற்கிறதே என்று பார்த்துவிட்டுப் பகுதிச் சேதம் என எழுதிப்போவது எளிது. நிற்பதெல்லாம் உறுதியாக நிற்கிறது என்று அர்த்தமில்லை. அதே வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் ரயில் தண்டவாளம் அப்படியே இருந்தது. அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் போய், அது அந்தரத்தில் தொங்கியது. வீட்டுக்கும் இதே நிலை வரலாம். அஸ்திவாரம் அரித்திருந்தால், சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல் ஓடியிருந்தால், அதைக் காட்டி, ஒரு பொறியாளரிடம் எழுதி வாங்கி மனுவோடு சேருங்கள். அனுமதி பெற்ற கட்டடமா என்றும் கேட்பார்கள்.

நம்பிக்கை: பயிர் அடியோடு அழுகினால்தான் நிவாரணம்.

உண்மை: 33 சதவீத இழப்பு போதும். பாசன நிலத்துப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். 40 சதவீதம் போன வயலுக்கும் மொத்தமாகப் போன வயலுக்கும் இதே விகிதம்தான். 32 சதவீதம் என்று எழுதினால் ஒரு ரூபாயும் இல்லை. ஆகவே மிகைப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை, குறைத்து எழுதிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வாழைக்காரர்கள் இதில் எளிதில் ஏமாந்துவிடலாம். கணக்கெடுக்க வரும்போது மரம் பச்சையாக நிற்கும். தண்ணீர் சில நாள் கட்டி நின்றாலே வேர் மூச்சுத் திணறிச் செத்துவிடும். இலை மஞ்சளாவதும் குலை சிறுப்பதும் பிறகுதான் கண்ணில் படும். அப்படியானால் மறு ஆய்வு கேட்டு மனுக் கொடுங்கள். கேட்பதற்குத் தயங்காதீர்கள், இது சலுகை இல்லை. அடங்கலில், அதாவது கிராமப் பயிர்க் கணக்கில், வாழை ஏறியிருக்கிறதா என்பதை மட்டும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

நம்பிக்கை: பயிர் இல்லாத வயலுக்கு ஒன்றும் கிடையாது.

உண்மை: சிறு, குறு விவசாயிகளின் வயலில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ ஏறியிருந்தால், அதை அகற்ற ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் உண்டு. ஆறு தடம் மாறி நிலத்தின் பெரும்பகுதியையே கொண்டுபோயிருந்தால் 47,000. மூடிய நிலமும் தொலைந்த நிலமும் ஒன்றல்ல, இரண்டையும் 'நிலம் பாழ்' என்று ஒரே வரியில் எழுதாதீர்கள்.

நம்பிக்கை: தேசியப் பேரிடர் என்று அறிவித்திருந்தால் தொகை கூடியிருக்கும்.

உண்மை: அப்படி அறிவிக்க நிவாரண நிதி விதிகளில் இடமே இல்லை. கடுமையான பேரிடர் என்று கருதினால் மத்தியக் குழு பார்வையிட்ட பின் தேசிய நிதியிலிருந்து மாநிலத்துக்குக் கூடுதல் பணம் வரும்.

அடுத்த முறை தண்ணீர் வடிந்ததும், கழுவித் துடைப்பதற்கு முன்பு படம் எடுங்கள். வண்டலில் ஓர் அளவுகோலை ஊன்றி எடுங்கள். மனுவில் 'எல்லாம் போச்சு' என்பதற்குப் பதிலாக எது, எவ்வளவு என்று எழுதி, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.