செவியும் கிவியும்

இரு மொழிகளிலுள்ள இரு சொற்கள் ஓசையானும் பொருளானும் ஒத்துத் தோன்றுமாயின், அம்மொழிகள் ஒரு தாய்வயிற்றுப் பிள்ளைகள் என்று முடிவு கட்டிவிடுதல் தமிழ் பயிலும் மாணவராகிய நம்மிடையே பெருவழக்காய் உள்ளது. நம் சொற்போர்களிற் பாதி இவ்வழக்காற் பிறப்பனவே. ஆயின் ஒப்பியன் மொழிநூல் கற்கப் புகுவார்க்கு முதற்கண் அறிவுறுத்தப்படுவது, ஒப்புமையைக் கண்டு மயங்கற்க என்பதாம். கிரேக்கப் புதிய ஏற்பாட்டிற் கடவுளைக் குறிக்கும் சொல் 'தெயோஸ்'. இலத்தீன் மறையில் அதற்கு நேர்நிற்பது 'தெயுஸ்'. இவற்றினும் மிக்க ஒப்புமையை யாண்டுக் காண்போம்? கிரேக்கமும் இலத்தீனும் உறவுமொழிகளேயாயினும், இவ்விரு சொற்களும் தம்முள் உறவுடையன அல்ல. 'தெயுஸ்' என்பதற்கு உறவாவது வடமொழித் 'தேவ' என்னும் சொல்லே. கிரேக்கச் சொல்லின் முதலில் நிற்கும் மூச்சொலி கலந்த தகரத்துக்கு இலத்தீனில் ஃபகரமே நேர்நிற்றல் வேண்டும். உள்ளத்தெழுச்சியைக் குறிக்கும் கிரேக்கத் 'துமோஸ்', புகையைக் குறிக்கும் இலத்தீன் 'ஃபூமுஸ்' என்பவற்றை ஒப்பிடுக. ஆகவே மொழியுறவைக் காட்டுவது ஒப்புமையன்று. சொல்தோறும் பிழையாது வரும் ஒலி நேர்ப்பாடே.

ஒப்புமை மெய்யாகவே இருந்தும் உறவு இல்லாதொழிதலும் உண்டு. சாலொமோன் அரசனுடைய கப்பல்கள் கொணர்ந்த மயில்களைப் பற்றி இராஜாக்களின் முதலாம் புத்தகம் பத்தாம் அதிகாரம் கூறும். அவ்விடத்து வரும் 'துக்கீம்' என்னும் எபிரெயச் சொல் நம் 'தோகை'யினின்று போந்தது என்று கால்டுவெல் முதலிய அறிஞர் பலர் கொண்டனர். அங்ஙனமேயாயினும், அதனால் எபிரெயமும் தமிழும் உறவாகா. பொருளோடு பெயரும் கப்பலேறிற்று என்பதே அதனாற் பெறப்படும்.

தென்மொழிகள் ஓரினம் என்பதனை 1816-ஆம் ஆண்டில், காம்பெல் என்பார் இயற்றிய தெலுங்கிலக்கணத்துக்கு வரைந்த முன்னுரையில் எல்லிஸ் துரை நிலைநாட்டினார். நாற்பதாண்டு கழித்து, 1856-இல், இடையன்குடியில் இறைப்பணி புரிந்த கால்டுவெல் ஐயர் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அவர்தம் நூலில் எல்லாம் நிலைத்துவிடவில்லை. திராவிட மொழிகளைச் சித்திய இனத்தோடு சேர்த்தெண்ணிய அவர் கருத்து இன்று கைவிடப்பட்டது. எனினும் அவர் வகுத்த வழியிற் சென்றே பின்னையோர் நுட்பமான ஒலிவிதிகளைக் கண்டனர். அவற்றுள் ஒன்றனை மட்டும் ஈண்டு விரித்துரைப்பேன்.

தமிழர் 'செவி' என்பதனைக் கன்னடர் 'கிவி' என்பர். நாம் 'செய்' என்னுமிடத்துப் பழங்கன்னடம் 'கெய்' என்னும். நம் 'சிறு' அவர்க்குக் 'கிறு'. நம் 'செம்மை' அவர்தம் 'கெம்பு'. எனவே, இகர எகரங்களுக்கு முன் கன்னடத்திற் ககரம் நிற்குமிடத்துத் தமிழிற் சகரம் நிற்கும் என்று கூறலாம். கூறியவுடனே 'கிளி' பறந்து வந்து தடை நிகழ்த்தும். 'கெடு', 'கேள்', 'கிழவன்', 'கிணறு', 'கீழ்' என்பனவும் அதனோடு சேர்ந்து நிற்கும். இவை ஏன் சகரமாயின அல்ல?

விடை இச்சொற்களுக்குள்ளேயே கிடக்கின்றது. உயிரெழுத்தை அடுத்து நிற்கும் மெய்யை நோக்குக: ட், ண், ள், ழ். நான்கும் நாவை மேல்வளைத்து ஒலிக்கப்படுவன. நா அங்ஙனம் வளைதற்கு ஆயத்தமாங்கால் முன்னிற்கும் உயிரும் சற்றே பின்னிழுக்கப்படும்; ஆதலின் ககரம் அண்ணத்தின் முற்பக்கம் சென்று சகரமாதற்கு இடமின்றிப் போயிற்று. தெலுங்கிலோ இத்தடை இல்லை. நாம் 'கெடு' என்பதனை அவர் 'செடு' என்பர்; நம் 'கிளி' அவர்க்குச் 'சிலுக'. மலையாளம் தமிழோடு முற்றும் ஒத்துச் 'செவி' என்றும் 'கிளி' என்றும் கூறும். ஆகவே இம்மாற்றம் தமிழும் மலையாளமும் பிரிவதற்கு முன்னரே நிகழ்ந்தது. தெலுங்கிற் பிறிதொரு முறையாய்த் தனித்து நிகழ்ந்தது. இவ்விதியை விளக்கிப் பரோ என்னும் ஆங்கில அறிஞர் 1943-இல் கட்டுரை வரைந்தார். 'கீரை', 'கீரி', 'கீறு' முதலிய சில சொற்கள் இன்னும் இவ்விதிக்குள் அடங்காமல் நிற்கின்றன. அவற்றை மறைத்தல் நேர்மையாகாது.

விதிக்கு மாறாய் நிற்கும் சொல் சிலவேளை விதியினும் மிக்க பயன் தரும். மகளிர் அணியும் செந்நிறக் கல்லைக் 'கெம்பு' என்கின்றோமே, அது தமிழ்ச்சொல்லாயிற் 'செம்பு' என்றன்றோ நிற்றல் வேண்டும்? அப்பெயர் தாங்கித் தமிழில் நிற்பது ஓர் உலோகம். கெம்பு கன்னட நாட்டினின்று கல்லோடு வந்த கடன்சொல் என்பதனை அதன் முதலெழுத்தே காட்டிக்கொடுக்கின்றது.

இனி, 'செவி', 'கிவி' என்னும் இரண்டனுள் முந்தியது எது? இவ்விடத்திலேதான் நம்மவர் சினங்கொள்வர். தமிழே தாய், ஏனையவை சிதைந்த சேய் என்னும் எண்ணம் நம்முள் ஆழ வேரூன்றியுள்ளது. ஆயின் ககரமே மூலமென்று கொண்டால், எவ்விடத்தில் அது சகரமாகும், எவ்விடத்தில் ஆகாது என்பதற்குக் காரணம் கூறலாம். சகரமே மூலமாயின், 'செவி' கன்னடத்திற் 'கிவி'யாகவும், 'செல்' என்பதன் சகரம் அங்கும் மாறாது நிற்கவும் காரணம் யாதென்று கூறவியலாது. பலுசித்தானத்திற் பேசப்படும் பிராகுவி மொழியிற் செவிக்குப் பெயர் 'கஃப்'. அதன் முதலொலி தொண்டையில் உரசியெழும் ககரம். கன்னடத்தோடு யாதொரு தொடர்புமின்றி ஆயிரங்கல் தொலைவிலிருந்து வரும் சான்று இது. ஆகவே முன்னைத் திராவிடத்தில் இச்சொல் ககரத்தோடு தொடங்கிற்று என்பது துணிபு. அவ்வடிவத்தை எழுதுங்கால் அதன் தலையில் ஓர் உடுக்குறி இடுவர். எவரும் எழுதக் கண்டதன்று, உய்த்துணர்ந்தது என்பது அதன் பொருள்.

இதனால் தமிழ் தாழ்ந்தது, கன்னடம் உயர்ந்தது என்பதும் இல்லை. 'பால்', 'புலி', 'பல்' என்பவற்றின் பகரத்தை நாம் காத்தோம். கன்னடர் அதனை இழந்து 'ஹாலு', 'ஹுலி', 'ஹல்லு' என்கின்றனர். தாய்வீட்டுப் பொருளை உடன்பிறந்தார் ஒவ்வொருவரும் சிறிது சிறிதாக எடுத்துச் சென்றுள்ளனர். முழுதும் வைத்திருப்பவர் ஒருவருமிலர். பரோவும் எமனோவும் தொகுத்து 1961-இலும், விரித்து 1984-இலும் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதியைப் புரட்டுவார்க்கு இது பக்கந்தோறும் புலனாகும்.

அவ்வகராதியில் ஏடறியாத மொழிகளுக்கும் இலக்கிய மொழிகளுக்கும் ஒரே இருக்கைதான். 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கிய எமனோ, நீலகிரியிற் கோத்தரிடையேயும் தோடரிடையேயும் அமர்ந்து அவர்தம் சொற்களைச் செவியாற் கேட்டு எழுதினார். தொகையிற் சிலராகிய கோத்தர் செவியைக் 'கெவ்' என்கின்றனர். நம் சங்கப் புலவர் பாடத் தொடங்குமுன்னரே தமிழ் விட்டுவிட்ட ககரத்தை, எழுத்தொன்றும் இல்லாத அம்மலைமக்கள் இன்றும் நாவில் வைத்திருக்கின்றனர்.