குற்றவாளி பெல்லட் இல்லை

காடாம்புலியூர்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய டார்கெட் தாள்களைப் பார்த்தேன். உன் ஏர் ரைபிளில் குண்டு சிதறுவதற்குப் பெல்லட்தான் காரணம் என்று தீர்ப்பே எழுதிவிட்டாய். கொஞ்சம் பொறு.

வெளிநாட்டுக்காரர்கள் தோட்டாவைத் தாங்களே நிரப்பிச் சுடுகிறார்களே, நாமும் செய்யலாமா என்று கேட்டிருக்கிறாய். கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். என்.சி.சி.யில் நீ சுட்ட .22 தோட்டாவை மறுபடி நிரப்பவும் தோதில்லை. பற்றவைக்கும் மருந்து அதன் அடி விளிம்புக்குள்ளேயே இருக்கிறது; ஊசி ஒருமுறை நசுக்கினால் அதோடு சரி. ஆனால் அந்த ஆட்களிடம் கற்க ஒன்று உண்டு. குண்டு சிதறினால், விவரமானவர்கள் மருந்தின் எடையை மாற்றுவதற்கு முன் துப்பாக்கியின் திருகுகளைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

நீயும் அங்கிருந்தே தொடங்கு. உன் மூன்றாம் தாளில் ஓட்டைகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து கிடக்கின்றன. ஏதோ ஒன்று இரண்டு நிலைக்கு நடுவே ஆடுகிறது என்று அர்த்தம். சைட்டின் திருகையும் குழலைக் கட்டையோடு பிணைக்கும் திருகையும் பார். இரண்டும் இறுக்கமாக இருந்தால், கன்னம் ஒவ்வொரு முறையும் கட்டையில் ஒரே இடத்தில்தான் பதிகிறதா என்று கவனி. இரண்டாம் தாளில் ஓட்டைகள் மேலும் கீழுமாக நீள்கின்றன. மூச்சை ஒரே இடத்தில் நிறுத்தாமல் சுட்டிருப்பாய். அல்லது உருளையில் காற்றழுத்தம் தீர்ந்துவந்திருக்கும். பக்கவாட்டில் சிதறினால் டிரிக்கர் விரலைச் சந்தேகப்படு. மூடிய அரங்கில் பத்து மீட்டருக்குள் காற்றின் மேல் பழி போட முடியாது.

எல்லா ஓட்டையும் நெருங்கி விழுந்து, நடுவை விட்டு மட்டும் விலகியிருந்தால் கவலையே வேண்டாம். சைட்டில் சில கிளிக் போதும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுக்குச் சற்று முன் அபினவ் பிந்த்ரா சுட்ட ஒத்திகைக் குண்டு 4இல் போய் விழுந்தது. அவர் பெல்லட்டை மாற்றவில்லை, சைட்டைத் திருத்தினார். கடைசிக் குண்டு 10.8, தங்கம்.

பெல்லட்டால் வித்தியாசமே வராது என்று சொல்லவில்லை. தலை அளவு 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று தனித்தனியாக விற்கிறார்கள். எது உன் குழலுக்குப் பொருந்தும் என்பதைச் சுட்டுத்தான் அறிய முடியும். ஆனால் அது யாருக்கு முக்கியம்? நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸில் 60 குண்டுகளில் எடுத்தது 630.7. குண்டுக்குச் சராசரி 10.5. அப்படியும் பத்தாம் இடம்தான். இறுதிச் சுற்று கைநழுவியது. அந்த உயரத்தில் 0.1 புள்ளி என்பது கால் மில்லிமீட்டர். அங்கே பெல்லட் பேசும். உன் சிதறலோ ஒன்றரை சென்டிமீட்டர்!

சந்தேகம் தீராவிட்டால் ரைபிளை மேசையில் அசையாமல் பிணைத்துச் சுடச் சொல்லிப் பயிற்சியாளரிடம் கேள். அப்போதும் சிதறினால்தான் பெல்லட்டையோ குழலையோ குறை சொல்லலாம். ஒரு வகைக்குப் பத்துக் குண்டாவது சுடு. மூன்று குண்டு நெருங்கி விழுவது அதிர்ஷ்டத்திலும் நடக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. நெய்வேலிச் சுரங்கத்தில் பக்கெட் வீல் எந்திரம் அதிர்ந்தால், நாங்கள் ஃபிட்டர்கள் இரண்டு பாகத்தைச் சேர்த்துக் கழற்ற மாட்டோம். சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாதே.

அடுத்து அனுப்பும் தாள்களின் ஓரத்தில் பெல்லட் அளவு, உருளை அழுத்தம், எத்தனையாவது குண்டு எங்கே விழுந்தது எல்லாம் குறித்து அனுப்பு. பெல்லட் ஈயம், தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடு.

அன்புடன்,
மாமா