ஆள் இல்லாட்டி சீனியர் இல்லையா?

"ஆள் இல்லாட்டி புதுக்கடையில ஒருத்தனும் ஜூனியரா எடுக்க மாட்டானுகள்."

சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கு விண்ணப்பம் கோரும் காலம் வந்தால் போதும், மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் இந்த வசனம் வலம் வரத் தொடங்கிவிடும். சொல்கிறவர் கொழும்புப் புதுக்கடை நீதிமன்ற வளவுக்குள் கால் வைத்திருக்க மாட்டார். வைத்திருந்தாலும் காணி வழக்கொன்றின் தவணைக்குப் போய், வராந்தாவில் நின்றுவிட்டு, இரவு பஸ்ஸில் திரும்பியிருப்பார். அவர் சொல்லை நம்பி, நன்றாகப் படிக்கிற பிள்ளை விண்ணப்பத்தை மடித்து வைக்கிறது. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கல்முனை நீதிமன்றங்களில் தலை நரைத்தவன் என்ற உரிமையில் இதற்கு ஒரு முடிவு கட்டுகிறேன்.

முதலில் முறை என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். சட்டக் கல்லூரியின் இறுதிப் பரீட்சை முடித்தவர் அனுபவமுள்ள சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு மாதம் தொழில் பயில வேண்டும். பிறகு உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். அதற்குப் பின் அநேகர் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சில வருடம் நிற்கிறார்கள். அந்தச் சீனியர் மாமாவாக இருக்க வேண்டும், மச்சானாக இருக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

அப்படியானால் கதை எங்கிருந்து முளைத்தது? ஜூனியர் வேண்டுமென்று சேம்பர்கள் பத்திரிகையில் விளம்பரம் போடுவது அபூர்வம். வாய்வழியாகத்தான் ஆள் எடுப்பு நடக்கிறது. விளம்பரம் இல்லாத இடத்தில் வதந்தி குடியேறும். சொந்தக்காரர் இருந்தால் கதவு சீக்கிரம் திறக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆள் இல்லாதவனுக்குக் கதவே இல்லை என்பது சுத்தப் பொய். மருமகன் என்று எடுத்த பையன் மூன்று தவணையைக் குறிக்க மறந்தால் நான்காவது தவணைக்கு அவன் அங்கே இருக்க மாட்டான். தவணை பிழைத்தால் கட்சிக்காரர் சீனியரின் சட்டையைத்தான் பிடிப்பார், மருமகனின் சட்டையை அல்ல.

சீனியருக்கு வேண்டியது வேலை செய்கிற கை. காலையில் இரண்டு நீதிமன்றத்தில் ஒரே நேரத்தில் வழக்குக் கூப்பிட்டால் ஒன்றில் எழுந்து நின்று சமாளிக்க ஆள் வேண்டும். முந்நூறு பக்கக் கோவையை வாசித்து எந்தத் திகதியில் என்ன நடந்தது என்று ஒரு தாளில் எழுதித் தர ஆள் வேண்டும். இந்த இடத்தில்தான் நம்மூர்ப் பிள்ளை தன் பெறுமதி தெரியாமல் நிற்கிறது. கரவாகு வட்டையில் ஒரு வயல் வழக்கு. தமிழில் எழுதிய பழைய சீதன உறுதி, நன்கொடை உறுதி, பெர்மிட் என்று கட்டுக்கட்டாகக் கடுதாசி. கல்முனையில் தமிழில் நடந்த அந்த வழக்கு மேன்முறையீட்டுக்குக் கொழும்பு போகும்போது, உறுதியை வாசித்து அதன் சாரத்தை ஆங்கிலத்தில் எழுதித் தரக்கூடியவர் அந்தச் சேம்பருக்குப் பாரமா, பலமா?

இதையெல்லாம் விட்டுவிட்டு நம் ஆட்கள் செய்வது என்ன? எம்.பி.யின் அலுவலக வாசலில் கடிதத்துக்குக் காத்து நிற்பது. நாளைக்கே அந்த எம்.பி.க்கு எதிரான தேர்தல் மனுவில் ஆஜராகக்கூடிய ஒரு சீனியர், அந்தக் கடிதத்தை வைத்து என்ன செய்வார்? இன்னொரு கூட்டம் மாப்பிள்ளை பேசுவது போலப் பேசுகிறது. எனக்கு வரும் அழைப்புகளில் பாதி அப்படித்தான். "சேர், நம்மட புள்ளைக்கு ஒரு நல்ல சீனியர் பாத்துத் தாங்க" என்பார் தாய்மாமன். பிள்ளையிடம் போனைக் கொடுங்கள் என்றால், "அது வெக்கப்படும் சேர்" என்பார். நீதிமன்றத்தில் எழுந்து நின்று பேச வேண்டிய தொழிலுக்கு வருகிற பிள்ளைக்கு மாமாவா வாய்?

ஆள் இல்லாமல் மேலே வந்தவருக்கு உதாரணம் வேண்டுமா? 1948இல் சம்மாந்துறையில் பிறந்து, கல்முனையில் வளர்ந்த, முஸ்லிம் காங்கிரஸின் ஸ்தாபகத் தலைவர் எம். எச். எம். அஷ்ரப், சட்டக் கல்லூரிக்குப் போய், ஜனாதிபதி சட்டத்தரணியாகவும் ஆனார். அவர் வாப்பா விதானையார், அப்புக்காத்து அல்ல. "அவர் அஷ்ரப், நாங்க ஆரு?" என்று உடனே ஒரு குரல் வரும். சட்டக் கல்லூரி வாசலில் முதல் நாள் நின்றபோது அவரும் ஊருக்கு வெளியே எவருக்கும் தெரியாத ஒரு பையன்தான்.

வதந்தியை நம்புகிறவர்களிடம் எனக்கு ஒரே கேள்வி: நீங்கள் போய்ப் பார்த்தீர்களா? வங்கியிலோ கம்பனியிலோ வேலைக்குச் சேருமுன் உள்ளே எப்படி நடக்கிறது என்று பார்க்க விட மாட்டார்கள். சட்டத் தொழிலின் வேலைத்தளம் அப்படியல்ல. அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரை நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாக நடக்க வேண்டும் என்கிறது. குடும்ப விவகாரம், பாலியல் விடயம், தேசப் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக நீதிபதி வெளியாட்களை அகற்றலாம். மற்றப்படி கதவு திறந்தே இருக்கிறது. போனை அணைத்துவிட்டுப் பின்வாங்கில் போய் உட்காருங்கள். நீதிபதி வரும்போது எழும்புங்கள். காசும் இல்லை, கடிதமும் தேவையில்லை.

உட்கார்ந்தால் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். சீனியர் எழுந்து தான் ஆஜராவதைப் பதியும்போது, தன் பெயரோடு ஜூனியரின் பெயரையும் சொல்கிறாரா, அல்லது பையைத் தூக்கி வந்தவர் போல விட்டுவிடுகிறாரா? ஓர் ஆவணம் கைக்கு வராதபோது பழியைச் சபையிலேயே ஜூனியர் தலையில் போடுகிறாரா, தானே ஏற்கிறாரா? சின்ன விண்ணப்பமொன்றையாவது ஜூனியரைப் பேச விடுகிறாரா? எதிர்த்தரப்பு ஏழைக் கிழவியை எப்படிக் குறுக்கு விசாரணை செய்கிறார்? அதன்பின் அவரிடமிருந்து விலகிய பழைய ஜூனியர் ஒருவரைத் தேடிப்பிடித்து, ஏன் விலகினீர்கள் என்று கேளுங்கள். இப்போது நிற்கிற ஜூனியர் உண்மை சொல்ல மாட்டார், அவரைத் தொந்தரவு பண்ணாதீர்கள்.

பிறகு உங்கள் கையால் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். எந்த நீதிமன்றத்தில், எந்த வழக்கில் அவர் வாதாடியதைக் கேட்டீர்கள், அதில் எந்தச் சட்டப் பிரச்சினை உங்களைப் பிடித்தது, உங்களால் என்ன வேலை செய்ய முடியும். அவ்வளவுதான். குடும்பப் பெருமை வேண்டாம். பதில் வராவிட்டால் அடுத்தவருக்கு எழுதுங்கள்.

மற்றக் கதைகளுக்கு இவ்வளவு மினக்கெடத் தேவையில்லை.

"சட்டக் கல்லூரிய முழுக்க இங்கிலீஷாக்கிட்டாங்க." ஆக்கப் பார்த்தார்கள். 2020 டிசம்பரில் அதற்கு வர்த்தமானியும் வந்தது. 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அந்த ஒழுங்குவிதியைத் தோற்கடித்தது. அதற்காக ஆங்கிலம் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். மேல் மட்ட நீதிமன்றங்களின் தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. வாசிக்காதவருக்குத் தொழில் இல்லை.

"ஹிஜாபோட உள்ள விட மாட்டாங்க." கல்முனையில் எந்த நீதிமன்றத்துக்கும் போய்ப் பாருங்கள், புதுக்கடைக்கும் போய்ப் பாருங்கள், ஹிஜாபோடு சட்டத்தரணிகள் ஆஜராகிறார்கள். தலையில் என்ன இருக்கலாம் என்ற சண்டையை நம்மவர்கள் 1905இலேயே போட்டுவிட்டார்கள். அப்புக்காத்து எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு ஆஜரானதைப் பிரதம நீதியரசர் லெயார்ட் தடுத்தபோது, அந்த வருடம் டிசம்பர் 31ஆம் திகதி மருதானையில் முஸ்லிம்கள் பெருங்கூட்டம் கூட்டினார்கள். தடை நிற்கவில்லை. முடிந்த வழக்கை மறுபடி ஏன் கூப்பிடுகிறீர்கள்?

"பொம்பிளப் புள்ள லோயரானா ஊரிலேயே காதி கோட்டில நிண்டு பேசலாம்." பேச முடியாது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, காதி முன் சட்டத்தரணிகள் ஆஜராவதையே தடுக்கிறது, ஆணானாலும் பெண்ணானாலும். அதே சட்டத்தின்படி ஒரு பெண் காதியாகவும் முடியாது. மகளை எந்த நம்பிக்கையில் படிக்க வைக்கிறோம் என்று தெரிந்துகொண்டாவது படிக்க வையுங்கள்.

"கல்முனையில நிண்டா காலத்துக்கும் ஊர் லோயர்தான்." மேல் நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம், நீதவான் நீதிமன்றம் எல்லாம் இருக்கிற ஊர் இது. வடக்கு கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது. இங்கே தொழில் பழகுவது இழிவல்ல. நீதிச் சேவை ஆணைக்குழுவின் போட்டிப் பரீட்சைக்கு இங்கிருந்தும் தோற்றலாம்.

உண்மையான தடையை மட்டும் எவரும் வாயெடுத்துச் சொல்வதில்லை. அது வாடகை. ஜூனியர் காலத்தில் கையில் வருவது பலருக்குப் பஸ் காசுக்கும் காணாது. இங்கிலாந்தில் பாரிஸ்டராகப் பயிலும் காலத்துக்கு ஊதியம் கொடுப்பதை 2003இல் கட்டாயமாக்கினார்கள். இங்கே அப்படி ஒரு கட்டாயம் இல்லை. கொழும்புப் பிள்ளை வீட்டுச் சோறு தின்று ஜூனியராக நிற்கும். கல்முனைப் பிள்ளை அறைக்கும் சோற்றுக்கும் காசு தேட வேண்டும். பெண்பிள்ளை என்றால், பாதுகாப்பான இடம் கிடைக்காமலே பாதிக் கனவு ஊருக்குத் திரும்பிவிடுகிறது. அதைத்தான் பிறகு "ஆள் இல்ல, எடுக்கல்ல" என்று கதை கட்டுகிறார்கள்.

நம் கரையில் மகளுக்குச் சீதன வீடு கட்டாத குடும்பம் இல்லை. கட்டி முடித்த வீட்டுக்கு மேல்மாடியும் எழும்புகிறது, பல வருடம் பூட்டியே கிடக்கிறது. அந்த மேல்மாடிக் காசில் ஒரு பங்கை எடுத்து, பள்ளிவாசல் சம்மேளனங்களும் நலன்புரிச் சங்கங்களும் சேர்ந்து, புதுக்கடைக்கு நடந்து போகும் தூரத்தில் பெண் பயிலுநர்களுக்கு ஒரு விடுதி நடத்தினால் என்ன? அறைக்குப் பாதி வாடகை, இரண்டு வருட எல்லை, தொழில் ஊன்றியதும் அடுத்த பிள்ளைக்கு ஒரு பங்கு. இதை நான் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லித் தலையாட்டலை மட்டும் வாங்கி வருகிறேன்.

அடுத்த கூட்டத்தில் எவராவது எழுந்து "புதுக்கடையில ஆள் வேணும்" என்று தொடங்கினால், அவரிடம் விடுதிக்கு எவ்வளவு தருகிறீர்கள் என்று கேட்கப் போகிறேன். காசு தர மனமில்லாவிட்டால், வாயையாவது மூடிக்கொண்டு பிள்ளையை விண்ணப்பிக்க விடட்டும்.