வீட்டுத் தோட்டத்தில் மணமுள்ள மஞ்சள் ரோஜா

"மஞ்சள் ரோஜா என்று சொல்லித்தான் விற்றார்கள். முதல் வருடம் மஞ்சளாகவே பூத்தது. இரண்டாம் வருடம் பார்த்தால் இளஞ்சிவப்புப் பூ! நன்றாக ஏமாற்றிவிட்டார்கள்" என்ற குறை கிராமங்களில் அடிக்கடி கேட்கப்படுகிறது. பெரும்பாலும் செடி விற்றவர் ஏமாற்றியிருக்கமாட்டார். ஒட்டுக் கட்டிய மஞ்சள் ரோஜா செத்துப்போய், அதைத் தாங்கி நின்ற வேர்ச்செடி தழைத்துப் பூத்திருக்கும். நம் பக்கத்து ஒட்டு ரோஜாக்களில் பலவற்றுக்கு எட்வர்டு ரோஜாவே வேர்ச்செடி. அதன் பூ இளஞ்சிவப்பு.

அப்படியானால் மஞ்சள் ரோஜா ஏன் செத்தது? அதே கொல்லையில் சிவப்பு ரோஜா பத்து வருடம் நிற்கிறதே என்று கேட்கலாம். இதற்கு விடை அந்தச் செடியின் பிறப்பிலேயே உள்ளது.

பெரிய, ஒற்றைத் தண்டில் ஒரு பூவாக மலரும் ரோஜாக்களை 'ஹைபிரிட் டீ' என்பார்கள். இந்த வகுப்பின் முதல் ரகமாகக் கருதப்படும் 'லா பிரான்ஸ்' 1867ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் நிறம் வெளிர் சிவப்பு. நல்ல அடர் மஞ்சள் நிறம் இந்த வகுப்பில் அப்போது கிடையாது. பிரான்சில் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் பெர்னே துஷே என்பவர் 'பாரசீக மஞ்சள்' என்ற ரோஜாவின் மகரந்தத்தைக் கொண்டு பல ஆண்டுகள் முயன்று, 1900ஆம் ஆண்டு 'சோலெய் தோர்' என்ற ரகத்தை வெளியிட்டார். 'பொன்ஞாயிறு' என்பது அதன் பொருள். அதற்குப் பின் வந்த மஞ்சள் ரோஜாக்களில் மிகப் பல இந்த வழியில் வந்தவையே.

நிறம் வந்தபோது கூடவே இரண்டு சீதனங்களும் வந்தன. ஒன்று, இலையில் வரும் கரும்புள்ளி நோய். மற்றொன்று, கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்துவரும் நுனிக்கருகல். மணத்திலும் பாரசீகத் தாத்தா நல்லவர் அல்லர். அந்த இனத்தின் தாவரப் பெயரான 'ஃபீட்டிடா' என்பதற்கே 'நாற்றமுடையது' என்று பொருள். ஆகவே, மஞ்சளும் மணமும் ஒரே செடியில் சேர்ந்து வருவது அரிது. அப்படி வந்த செடியைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் அதன் இலையைக் காப்பாற்ற வேண்டும்.

எந்த ரகம்?

மஞ்சளாக இருப்பதெல்லாம் மணக்காது. ஓசூர்ப் பகுதிப் பசுமைக் குடில்களில் வளர்த்து வெளியூர்களுக்கு அனுப்பும் 'கோல்டு ஸ்டிரைக்' போன்ற கொய்மலர் ரகங்கள் பல நாள் வாடாமல் நிற்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. அவற்றில் மணத்தை எதிர்பார்க்கக் கூடாது. அமெரிக்காவில் ஹெர்பர்ட் ஸ்விம் உருவாக்கி 1950இல் வெளியான 'சட்டர்ஸ் கோல்டு' மணத்துக்குப் பேர் பெற்ற பழைய ரகம். 1966இல் அமெரிக்க ரோஜாச் சங்கத்தின் மணத்துக்கான பதக்கத்தையும் பெற்றது. நீண்ட மொட்டு, பொன்மஞ்சளில் செம்மஞ்சள் சாயல், கனிந்த பழத்தின் வாசனை. குறையும் உண்டு: வெயிலில் சீக்கிரம் விரிந்து நிறம் வெளுத்துவிடும்.

எல்லா நர்சரிகளிலும் இந்த ரகம் கிடைக்காது. பெயர் தெரியாமல் வாங்க நேர்ந்தால், பூவோடு நிற்கும் செடியைக் காலை வேளையில் சென்று, பாதி விரிந்த பூவை முகர்ந்து பார்த்து வாங்குவதே சிறந்த வழி. பிற்பகலில் முகர்ந்தால் நல்ல ரகத்திலும் மணம் குறைந்திருக்கும். பூ வாசனை தெரிந்த பின் கீழே குனிந்து ஒட்டுப் பகுதியைப் பார்க்க வேண்டும். அது புடைத்து, வெடிப்பின்றி, அதற்கு மேல் குறைந்தது இரண்டு தடித்த கிளைகள் உள்ளதாக இருக்கட்டும். பூவைப் பார்த்து ஒற்றைக் குச்சிச் செடியை வாங்குவது வீண் செலவு.

இடமும் நடவும்

மஞ்சள் நிறத்தைத் தரும் பொருள் கடும் வெயிலில் சிதைந்துவிடும். அதனால் சமவெளியில் வீட்டின் கிழக்குப் பக்கம் மிகவும் ஏற்றது. காலை முதல் மதியம் வரை ஆறு மணி நேரம் வெயில் கிடைக்கும்; பிற்பகலில் சுவரின் நிழல் விழும். மர நிழல் வேண்டாம். மரத்தடியில் இலை ஈரம் காயாது. மரத்தின் வேரும் உரத்தைத் தின்றுவிடும்.

ஒன்றரை அடி நீள, அகல, ஆழமுள்ள குழி எடுத்துச் சில நாட்கள் ஆறப் போட வேண்டும். மேல் மண்ணுடன் நன்கு மக்கிய தொழு உரம் 10 கிலோவும், வேப்பம் பிண்ணாக்கு இரண்டு கைப்பிடியும், எலும்புத் தூள் ஒரு கைப்பிடியும் கலந்து நிரப்பலாம். மக்காத எருவை இட்டால் கறையான் வந்து சேரும். களிமண் நிலமானால் மணல் கலந்து, குழி வாய் தரையைவிடச் சற்று மேடாக இருக்கும்படி அமைப்பது நல்லது. நடும்போது ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேல் இரண்டு அங்குலம் தெரிய வேண்டும். ஒட்டு புதைந்தால் வேர்ச்செடித் துளிர் எங்கிருந்து கிளம்புகிறது என்பதே கண்ணுக்குத் தெரியாது.

குளிக்கும் நீரும் பாத்திரம் கழுவும் நீரும் செல்லும் வாய்க்காலில் ரோஜாவை வைப்பது பல வீடுகளில் வழக்கம். வாழைக்கு அது சரி, ரோஜாவுக்கு ஆகாது. சோப்பு நீரால் மண்ணில் உவர்த்தன்மை ஏறி, இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க வெளுத்துப்போகும். இது இரும்புச் சத்துக் குறைவின் அடையாளம். முட்டை ஓட்டைப் போடும் வழக்கத்தையும் சுண்ணாம்பு மண்ணில் தவிர்க்கலாம். அங்கே சுண்ணாம்பு ஏற்கெனவே அதிகம்.

இலையைக் காத்தல்

கரும்புள்ளி நோயின் வித்துகள் முளைக்க, இலை தொடர்ந்து ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் நனைந்திருக்க வேண்டும். இந்த ஒரு விவரத்தை மனத்தில் வைத்தால் பாதி நோய் வராது. மாலையில் தலைக்கு மேல் தண்ணீர் ஊற்றினால் இலை விடியும்வரை ஈரமாகவே இருக்கும். ஆகவே காலையில், அடி மண்ணில் மட்டும் நீர் விட வேண்டும். கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு குடம் போதும். மண்மேல் வைக்கோலோ காய்ந்த சருகோ பரப்பினால், மழைத்துளி மண்ணில் பட்டு நோய் வித்துகளை அடி இலைக்குத் தெறிப்பதும் குறையும்.

அடி இலைகளில் ஓரம் சிதறிய கருவட்டங்கள் தோன்றி, சுற்றிலும் மஞ்சளாகி இலை உதிர்ந்தால் அதுவே இந்நோய். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி எரித்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் மருந்து மட்டும் தெளிப்பது ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவது போன்றது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போதே ஒரு லிட்டர் நீருக்கு 2 கிராம் மாங்கோசெப் கலந்து, இலையின் இரு பக்கமும் நனையும்படி 15 நாட்களுக்கு ஒரு முறை தெளிக்கலாம். பனிக் காலத்தில் துளிர்களில் சாம்பல் பூத்தால் நனையும் கந்தகம் 2 கிராம் போதும். வெயில் ஏறிய பின் கந்தகம் தெளித்தால் இலை கருகும்.

இலைப்பேன்களுக்கு வெளிர் நிறப் பூக்கள்மேல் விருப்பம் அதிகம். இதழ் ஓரம் பழுப்பாகிப் பூ விரியாமல் நிற்பது இவற்றின் வேலை. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயை சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம். பழைய பி.எச்.சி. தூள் எங்கேனும் வீட்டில் மிச்சம் இருந்தால் அதைத் தொட வேண்டாம். அது 1997இல் நாட்டில் தடை செய்யப்பட்டது.

கவாத்தில் கை நிதானம்

வயலில் எட்வர்டு, ஆந்திரச் சிவப்பு ரோஜா பயிரிட்டுப் பழகியவர்கள் கவாத்தில் பாதிக் கிளையை வெட்டித் தள்ளுவார்கள். அந்தச் செடிகள் தாங்கும். மஞ்சள் ஹைபிரிட் டீ அவ்வளவு தாங்காது. வெட்டு வாயில் நுனிக்கருகல் பிடித்து ஒட்டுவரை இறங்கிவிடும். மேலே சொன்ன 'நிறம் மாறிய' செடிகள் பலவற்றின் கதை இப்படித்தான் முடிந்திருக்கும்.

மழை ஓய்ந்து இரண்டு மூன்று நாள் வெயில் அடிக்கும் சமயமாகப் பார்த்துக் கவாத்து செய்ய வேண்டும். காய்ந்தவை, நலிந்தவை, ஒன்றையொன்று உரசுபவை ஆகிய கிளைகளை நீக்கி, நல்ல கிளைகள் நான்கைந்தை முழங்கால் உயரத்துக்குக் குறையாமல் விட வேண்டும். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, கூரான கத்தரியால் சாய்வாக வெட்டலாம். வெட்டிய இடத்தில் உட்சோறு வெள்ளையாக இருக்க வேண்டும்; பழுப்பாக இருந்தால் வெள்ளை தெரியும்வரை இன்னும் கீழே போக வேண்டும். அன்றே வெட்டு வாய்களில் போர்டோ பசை தடவுவது அவசியம். கார்த்திகை முதல் வாரத்தில் கவாத்து செய்தால் தைப் பொங்கலை ஒட்டிப் பூ வரும்.

கவாத்துக்குப் பின் செடிக்கு 10 கிலோ தொழு உரத்துடன் யூரியா 13 கிராம், சூப்பர் பாஸ்பேட் 75 கிராம், பொட்டாஷ் 20 கிராம் இட்டு நீர் பாய்ச்ச வேண்டும். ஜூலையில் இதே அளவு மீண்டும் ஒரு முறை. யூரியாவைக் கூட்டினால் இலை பெருக்கும். அந்த இளஇலையில் நோயும் பெருக்கும்.

பெரிய பூ வேண்டுவோர், நடு மொட்டைச் சுற்றி வரும் பக்க மொட்டுகளைப் பட்டாணி அளவில் கிள்ளிவிடலாம். தலையில் சூடுவதற்குப் பறிக்கும்போது முதல் வருடம் பூவை மட்டும் குட்டைக் காம்புடன் எடுப்பது நல்லது. ஒரு முழத் தண்டோடு வெட்டினால் அதோடு ஏழெட்டு இலைகளும் போய்விடும். இளஞ்செடிக்கு அந்த நஷ்டம் பெரிது.

வேர்ச்செடித் துளிர்

ஏழு சிற்றிலை இருந்தால் வேர்ச்செடித் துளிர், ஐந்து இருந்தால் நல்ல கிளை என்று சொல்வார்கள். இது நம்பத் தக்கதல்ல. ஒட்டு ரகத்திலும் ஏழு சிற்றிலைகள் வருவதுண்டு. துளிர் ஒட்டுக்கு மேலிருந்து வருகிறதா, கீழிருந்து வருகிறதா என்பதுதான் சோதனை. கீழிருந்து வந்தால் மண்ணை விலக்கி, அது கிளம்பும் இடத்தைக் கண்டு, கையால் கீழ்நோக்கிப் பிய்த்து எடுக்க வேண்டும். கத்தரியால் வெட்டினால் அடியில் தங்கிய கணுக்களிலிருந்து ஒன்றுக்கு மூன்றாகக் கிளம்பும்.

மஞ்சள் ரகம் முழுவதும் செத்துவிட்டாலும் அந்த எட்வர்டு செடியைப் பிடுங்க வேண்டியதில்லை. பென்சில் கனமுள்ள ஒரு துளிரை விட்டு வளர்த்து, மழை ஓய்ந்த குளிர் மாதங்களில், பட்டை எளிதாக உரியும் பருவத்தில் அதன் அடியில் ஆங்கில 'டி' வடிவில் கீறி, நண்பர் வீட்டுச் செடியிலிருந்து எடுத்த மஞ்சள் ரோஜா மொட்டைச் செருகி, கணு வெளியே தெரியும்படி பாலிதீன் நாடாவால் கட்டலாம். மூன்று, நான்கு வாரத்தில் மொட்டு பச்சையாகவே இருந்தால் பிடித்துவிட்டது என்று பொருள். அது முளைத்து ஒரு சாண் வளர்ந்த பிறகே வேர்ச்செடியின் தலையை வெட்ட வேண்டும்.